பட்டிக்காரரின் இடது கை

இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது பெரிய வித்தை இல்லை, அடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலைதான் வித்தை என்று பட்டிக்காரர் யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். துருவைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, பிரைமர் அடித்து, பள்ளம் இருக்கிற இடமெல்லாம் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, ஒரு முரட்டுத் தகட்டை வழவழப்பாக்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. பள்ளத்தை அடைக்கிற பசைக்குப் பட்டி என்று பெயர், அதனால் அவர் பட்டிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர வேறெதற்கும் பயன்பட்டதில்லை.

தேய்த்து முடித்த கதவை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை நம்பினால் கெட்டோம் என்பார். பிரைமரின் சாம்பல் நிறத்தில் பள்ளமும் மேடும் தெரியாது. மேலே பெயிண்ட் ஏறிப் பளபளத்து, வெயில் சாய்வாக விழும்போதுதான் தகடு முழுக்க அலை அலையாகத் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? அதனால் கண்ணை மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கதவின் மேல் மூலையில் வைத்து, கீழே வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வருவார். வலது கை ஆகாது. அது தாள் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போனது. இடது கை வழியில் எங்கேயாவது தயங்கினால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கை பட்டறையோடு நிற்காது, அதுதான் வம்பு. டீக்கடை மேஜை, பஸ் கம்பி, அடுத்தவன் நிறுத்தி வைத்திருக்கிற கார், எதையும் விடாது. கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் வீட்டுக்கு முதல்முறை போனபோது எல்லோரும் அவரைப் பார்க்க, அவர் அங்கிருந்த பீரோவைத் தடவிக்கொண்டு நின்றார். நின்றதோடு விட்டாரா? "பட்டி சரியாப் பாக்கலை. யார் பண்ணது, கைநாட்டா?" என்று கேட்டு வைத்தார். பண்ணியவன் பக்கத்திலேயே தட்டில் டீயோடு நின்றுகொண்டிருந்தான். பெண்ணின் தம்பி. பட்டிக்காரரின் வருங்கால மச்சான்.

அன்று மூண்ட சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஆனால் இருவரும் ஒரே பட்டறையில்தான் இருக்கிறார்கள். மாமா தேய்ப்பார், மச்சான் ஸ்ப்ரே அடிப்பான். தகரக் கூரை போட்ட நீளமான கூடம், ஒரு மூலையில் கம்ப்ரசர், நடுவில் கதவுகளைக் கிடத்தவும் சாய்க்கவும் மரச்சட்டங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற வாக்குவாதம் சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் முடியும். விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் தொடங்கி உலக விவகாரம் வரைக்கும் இருவருக்கும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். பழகியவர்கள், சத்தம் கேட்காவிட்டால்தான், "இன்னிக்குப் பட்டறை லீவா?" என்று விசாரிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் பட்டிக்காரரின் இடது சுண்டுவிரல் மரத்துப் போனது. தண்ணீர் போட்டுத் தேய்க்கிற நாட்களில் விரல் விறைப்பது வழக்கம்தானே என்று முதலில் அதைச் சட்டை பண்ணவில்லை. மழை நின்றது, வெயில் வந்தது, விரல் மட்டும் வழிக்கு வரவில்லை. அடுத்த விரலையும் சேர்த்துக்கொண்டது. பிறகு உள்ளங்கை. கையை யாரோ மெல்லிய துணியில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் பெயிண்ட் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனார். "சர்க்கரை இருக்கு. நரம்பைப் பிடிச்சிருக்கு. வருஷக்கணக்கா அதிர்ற மெஷினைப் பிடிச்சதும் சேர்ந்துக்கிச்சு" என்றார் டாக்டர். "மாத்திரை, மேற்கொண்டு கெடாம பாத்துக்கும். போனது திரும்புமான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க." வீட்டுக்கு வந்து மனைவியிடம் சளிக்கு மருந்து கொடுத்திருக்கிறார் என்றார். சளி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்து, நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

அவருக்கு இருந்தது பயம். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. படிப்பு ஏறவில்லை, பேச்சில் சாமர்த்தியம் கிடையாது, நாலு பேர் கூடுகிற இடத்தில் எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாது. கதவின் முன்னால் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியும். கை போனால் அந்த இடமும் போய்விடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மச்சானோடு சண்டை போடுவது?

ஆகவே யாருக்கும் சொல்லாமல் சமாளித்தார். புறங்கையால் தடவிப் பார்த்தார். மணிக்கட்டை வைத்துப் பார்த்தார். ஒருமுறை ஆளில்லாத நேரம் பார்த்துக் கதவில் கன்னத்தை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தபோது மச்சான் உள்ளே வந்துவிட்டான்.

"என்ன மாமா, கதவு ரகசியம் சொல்லுதா?"

"ஆமாண்டா. உன்னை ஸ்ப்ரே அடிக்க விட்டது தப்புன்னு சொல்லுது."

மச்சான் சிரிக்கவில்லை. இன்னொருவர் என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார். பட்டிக்காரருக்குத் தன் கன்னம் சிவந்ததுதான் பெரிய கவலையாக இருந்தது.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. கதவுகள் எல்லாம் நன்றாகவே வந்தன. பயந்துகொண்டே போய் மறுநாள் காலையில் பார்ப்பார். பெயிண்ட் காய்ந்து, கண்ணாடி போல நிற்கும். ஒன்று, இரண்டு என்று பார்த்துப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்தது. இத்தனை வருஷ வேலை வீண் போகுமா, விரலுக்குத் தெரியாவிட்டாலும் தோளுக்கும் முழங்கைக்கும் தெரிகிறது என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். மனிதன் தனக்குச் சாதகமான விளக்கத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறான்! எப்போதாவது ஒரு கதவில் லேசாக அலை தெரிந்தால் அது மச்சானின் தலையில் விழும். "தடிப்பா ஊத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஸ்ப்ரே கன்னை எட்டப் பிடிச்சு அடிடான்னா கேக்கறியா?" என்று எகிறுவார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மச்சான், அந்த நேரத்தில் மட்டும் கன்னைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொள்வான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தையல்கடை அம்மா வந்தார். புதுக் கடை, தெரு முனையில், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடம். எங்கேயோ இடித்த கட்டடத்திலிருந்து ஒரு பழைய இரும்புக் கதவை வாங்கி வந்திருந்தார். ஒற்றைக் கதவு, நடுவில் கண்ணாடியோ வேலைப்பாடோ கிடையாது, மொத்தமும் வெறும் தகடு. அதைக் கறுப்பாக்க வேண்டும் என்றார். பளபளக்கிற கறுப்பு.

"கறுப்பு வேணாம்மா, கறுப்பு எதையும் மறைக்காது" என்றான் மச்சான் அவசரமாக. "சாம்பல் இருக்கு, பழுப்பு இருக்கு. மங்கலா ஒண்ணு அடிச்சுடலாமே."

பட்டிக்காரருக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. "எங்ககிட்ட வந்துட்டுக் கறுப்பு வேணாமா? நீங்க போங்கம்மா. அந்தக் கதவைப் பாத்து நீங்க தலை சீவிக்கலாம், அப்படிப் பண்ணித் தர்றேன்."

வாயைக் கொடுத்தாகிவிட்டது. இனி கையைக் கொடுத்தாக வேண்டும்.

கதவு லேசுப்பட்டதாக இல்லை. அடிப்பக்கம் துரு தின்றிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் யாரோ வெல்டிங் வைத்துக் கொப்புளம் கொப்புளமாக விட்டிருந்தார்கள். நடுத் தகட்டில் எதுவோ மோதிய ஒடுக்கு. பட்டிக்காரர் குறை வைக்காமல் உழைத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்தார். வெல்டிங் மேட்டை கிரைண்டரால் சீவினார். துடைத்த துணியில் கறை ஒட்டாதவரை தின்னரால் துடைத்தார். பிரைமர் காய்ந்ததும் பட்டியில் கெட்டியாக்கும் மருந்தைப் பிசைந்து, அது இறுகுவதற்குள் பட்டித் தகட்டால் மளமளவென்று இழுத்துப் பூசினார். மருந்து கொஞ்சம் கூடினாலும் பட்டி கையிலிருக்கும்போதே கல்லாகிவிடும். பிறகு தாளுக்குப் பின்னால் மரக்கட்டையைக் கொடுத்துத் தேய்த்தார், ஏனென்றால் வெறும் விரலால் தேய்த்தால் விரலின் தடமே பள்ளமாகிவிடும். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைசான தாள். மேலே சாம்பல் பிரைமர், கடைசியாகத் தண்ணீர் தொட்டு மெல்லிய தாள். இடது கையால் தடவினார். எங்கேயும் தயங்காமல் கீழே வரை வந்தது. திருப்தியாக இருந்தது.

மச்சான் கம்ப்ரசருக்கு ஹோஸ் வாங்கப் போயிருந்த மதியத்தில் தையல்கடை அம்மா எட்டிப் பார்த்தார். வேலை எப்படி நடக்கிறது என்று சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். சாய்த்து வைத்திருந்த கதவின் மேல், துணிக்கடையில் துணியைப் பார்க்கிற மாதிரி கையை ஓட்டினார். கை நின்றது.

"ஐயா, இங்க மடிப்பு மாதிரி ஒண்ணு தட்டுதே."

"அதெல்லாம் இருக்காதும்மா."

"இருக்குங்க. இதோ, இங்கயும். கைப்பிடிக்குக் கீழ நல்லாவே தெரியுது." அவர் பட்டிக்காரரின் கையைச் சுவாதீனமாகப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "தெரியுதுங்களா?"

பட்டிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. கையின் கீழே கதவு இருக்கிறது என்பதே அரைகுறையாகத்தான் தெரிந்தது. "ம்" என்றார். அது ஆமா என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அந்த அம்மா பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே போய், கை நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போட்டார். சின்ன வட்டம், பெரிய வட்டம், நீள வட்டம். முடித்துவிட்டுப் பார்த்தால் கதவே அம்மை போட்ட மாதிரி இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தையல்ல பழகின கை" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சம்கூட இல்லை. அது இருந்திருந்தால் பட்டிக்காரர் கோபப்பட்டாவது பிழைத்திருப்பார்.

மச்சான் வந்து பார்த்தால் என்ன ஆவது? அந்த நினைப்பு வந்ததும் தலைகால் புரியவில்லை. ஒரு துணியைத் தின்னரில் நனைத்து, அவசர அவசரமாக எல்லா வட்டங்களையும் துடைத்துத் தள்ளினார். வீம்பு எப்போதும் முந்திக்கொள்கிறது, புத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. துடைத்து முடித்து, சரி, யாரும் வருவதற்குள் சரிபண்ணிவிடலாம் என்று பட்டியை எடுத்தபோதுதான் உறைத்தது. எங்கே பூசுவது? கதவு ஒரே சாம்பலாக, ஒன்றும் தெரியாதது போல நின்றது. மேலிருந்து கீழே தடவினார். கீழேயிருந்து மேலே தடவினார். கண்ணை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். கை எங்கேயும் நிற்கவில்லை. நிற்க மறந்துவிட்ட கை அது.

பட்டித் தகடும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போது இன்னொரு யோசனை வந்தது. இந்தக் கதவிலேயே இவ்வளவு பள்ளம் என்றால், இதற்கு முன்னால் போன கதவுகள்? அவையெல்லாம் கண்ணாடி போல எப்படி வந்தன? எழுந்து கம்ப்ரசருக்குப் பின்னால் மச்சானின் மூலைக்குப் போனார். ஸ்ப்ரே அடிக்கிறவனுக்கு கன் வேண்டும், வடிகட்டத் துணி வேண்டும். அங்கே ஒரு டப்பாவில் அவனுக்குத் தேவையே இல்லாத பட்டித் தகடு இருந்தது. தேய்த்துத் தேய்த்து நைந்து போன மெல்லிய தாள்கள் இருந்தன. "பகல்ல அடிச்சா தூசி ஒட்டுது மாமா, நீங்க போனப்புறம் அடங்கினதும் அடிக்கிறேன்" என்று அவன் சில மாதங்களாகச் சொல்லி வந்தது நினைவுக்கு வந்தது.

மச்சான் ஹோஸோடு வந்தான். "முடிஞ்சுதா மாமா?"

இப்போது உண்மையைச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாமல் போனால் நாளைக் காலை கதவு பளபளவென்று நிற்கும், தையல்கடை அம்மாவும் திருப்தியாகப் போவார், பட்டிக்காரர் பட்டிக்காரராகவே இருப்பார். யாருக்கும் நஷ்டமில்லை.

"முடிஞ்சுது. நீ அடிச்சிடு" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மேலே நடக்கக் கால் எழவில்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது, வேலை விட்டுப் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்து, பாதி இறக்கிய ஷட்டர் ஓரம் நின்றார். உள்ளே கம்ப்ரசர் ஓடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தம், மெல்லிய தாள் தண்ணீரோடு பிரைமர் மேல் ஓடுகிற சத்தம். எந்த நம்பர் தாள் என்றுகூட அவரால் சொல்ல முடியும். காது இன்னும் ஏமாற்றவில்லை.

குனிந்து உள்ளே போனார். மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் கதவைத் தடவிக்கொண்டிருந்தான். அவரைப் போலவே.

"எத்தனை நாளாடா?"

மச்சான் திடுக்கிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என்ன மாமா, போகலையா? ஒண்ணுமில்ல, பிரைமர்ல கொஞ்சம் தூசி, அதான்…"

"பூசி மெழுகாதே. எத்தனை நாளா?"

"மழை விட்டதுலேர்ந்து."

"யாரு சொன்னா?"

"அக்காதான். பேசிட்டே சட்டையை மாட்டுற மனுஷன், இப்பல்லாம் ஒவ்வொரு பொத்தானையும் குனிஞ்சு பாத்துப் பாத்துப் போடுறாருடா, கையில ஏதோ ஆயிடுச்சுன்னு அழுதா. அவரா சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா."

"ஓ. அக்காளும் தம்பியும் சேர்ந்து எனக்குப் பிச்சை போட்டிருக்கீங்க."

மச்சான் எழுந்துவிட்டான். "பிச்சையா? உங்க பள்ளத்தையும் அடைச்சுட்டு, என் கண்ணுல தப்பின ஒண்ணு ரெண்டுக்கு உங்ககிட்டயே திட்டும் வாங்கிட்டு நின்னேனே, அப்ப எனக்கு யாரு மாமா பிச்சை போட்டா? தடிப்பா ஊத்துறேனாம்! என் வாழ்க்கையில தடிப்பா ஊத்தினதே கிடையாது!"

அதைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டிக்காரர் மரச்சட்டத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"எப்படிச் சொல்றது?" மச்சானின் குரல் இறங்கிவிட்டது. "முதல் கதவைச் சரிபண்ணி அடிச்ச மறுநாள், சத்தியத்தை மீறியாவது சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து பாத்துட்டு, கை இன்னும் ஏமாத்தலடா மச்சான்னு சிரிச்சீங்க. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படி மாமா சொல்றது?"

அந்தச் சிரிப்பு பட்டிக்காரருக்கும் நினைவிருந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட ஆறுதல் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இத்தனை மாதம் தனியாகச் சுமக்கிறோம் என்று நினைத்த மூட்டையை, அவருக்குத் தெரியாமலே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

"தையல்கடை அம்மா வந்தாங்க" என்றார். "பள்ளம் இருக்கிற இடமெல்லாம் சாக்கட்டியால வட்டம் போட்டுக் குடுத்தாங்க. நீ பாத்துடுவியேன்னு துடைச்சுட்டேன்."

மச்சான் அவரையே பார்த்தான். "துடைச்சுட்டீங்களா?"

"சுத்தமா."

"அடப்பாவி மாமா! இவ்வளவு நேரமா அதைத்தானே நான் தடவித் தடவித் தேடிட்டிருக்கேன்!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டிக்காரருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கதவின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க இருக்குன்னு சொல்லு" என்றார். பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. வாயிலிருந்து வருவதற்குள் வேர்த்துவிட்டது.

"கைப்பிடிக்குக் கீழ. ஒரு சாண் அகலத்துக்கு இருக்கு."

பட்டியைப் பிசைந்து இழுத்தார். இறுகும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கட்டையை எடுத்து, குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை என்று நிதானமாகத் தேய்த்தார். தோளுக்கும் முழங்கைக்கும் வேலை தெரியும் என்று அவர் நினைத்ததில் பொய்யில்லை. எப்போது நிறுத்துவது என்பதுதான் அவற்றுக்குத் தெரியாது.

"இப்பப் பாரு."

மச்சான் கண்ணை மூடித் தடவினான். ஒரு நொடி அவன் கை தயங்கியதைப் பட்டிக்காரர் பார்த்துவிட்டார். ஆனால் மாதக்கணக்கில் பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "ம், வந்துடுச்சு மாமா. நல்லாருக்கு."

"டேய்" என்றார் பட்டிக்காரர். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

மச்சான் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே வரை, இந்தத் தடவை மெதுவாகத் தடவினான்.

"இல்ல மாமா. இன்னும் மேடு இருக்கு."

பட்டிக்காரர் தலையாட்டினார். மனசு லேசாகிவிட்டது. உப்புத்தாளை உதறி, கட்டையில் சுற்றிக்கொண்டு, அவன் கை நின்ற இடத்திலேயே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.